பழியைக் கொரோனா தலையில் கட்டாதீர்கள்

2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்ததற்கு யார் காரணம் என்ற நேற்றைய விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "உலக நெருக்கடி, தலைவர்கள் என்ன செய்யேலும்?" என்று கேட்டுவிட்டு, அதில் பேசிய ஒரு ஐயா ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். சரி ஐயா, கணக்குப் பார்ப்போம்.

2019 டிசெம்பர். இலங்கையில் கொரோனா இல்லை. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவியேற்று இரண்டு கிழமை. 15 வீத வற் வரி (பெறுமதி சேர் வரி) 8 ஆகிறது. வருடம் 12 மில்லியன் ரூபாய்க்கு வியாபாரம் செய்தால் பதிய வேண்டும் என்ற எல்லை 300 மில்லியனுக்குப் போகிறது. இதையும் கிருமியா வெட்டியது?

வரி விழுந்தது. துண்டு விழுந்ததை மத்திய வங்கி காசு அச்சடித்து நிரப்பியது. அந்தக் காசு இறக்குமதிச் சாமானைத் தேடிப் போனால் டொலர் வேண்டும். டொலரையோ 203 ரூபாயில் கட்டி வைத்திருந்தார்கள். வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் 240க்கு மேல் தரும்போது கட்டாரில் நிற்கிற தம்பி வங்கிக்கா அனுப்புவான்? 2020இல் 7 பில்லியன் டொலருக்கு மேல் வந்த வெளிநாட்டு உழைப்பு, 2022இல் 4 பில்லியனைக்கூடத் தொடவில்லை. அந்த வறட்சியிலும் 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறியை (வெளிநாட்டுக் கடன் பத்திரத்தை) முழுதாகக் கட்டினார்கள். ஏப்ரல் 12இல், இனிக் கடன் கட்ட ஏலாது என்று அறிவிப்பு.

"கொரோனா சுற்றுலாவை அடிச்சதுதானே?" மாலைதீவு வேறெதில் வாழுது? அங்கே கடனைக் கட்ட ஏலாது என்று கையை விரித்தார்களா? "உக்ரைன் யுத்தம்?" பால்மாவுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றது 2021இல். "முந்தின அரசும் கடன் வாங்கினதே?" வாங்கினது. ஒத்துக்கொள்கிறேன். அடுத்தது?

2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே கோட்டாபய, பிரதமராக இருந்த மஹிந்த, நிதி அமைச்சராக இருந்த பசில், மத்திய வங்கி ஆளுநராக இருந்த கப்ரால் உள்ளிட்டவர்கள் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. அதுக்குப் பிறகும் கேள்வி கேட்டால், நாங்கள் "அரசியல் கதைக்கிறம்" என்கிறார்கள். மனுதாரருக்கு வழக்குச் செலவு ஒன்றரை இலட்சம் ரூபாய். வரிசையில் நின்ற சனத்துக்கு ஒரு சதமும் இல்லை.

"முடிஞ்ச கதை" என்பவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி மீன்பிடித் துறைமுகப் பக்கம் போய்க் கேளுங்கோ. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340. மண்ணெண்ணெயில ஓடுற வள்ளங்கள் கரையில கிடந்தது. வடக்குக்கு இது புதுசுமில்லை. 90களில் யுத்தத்துக்குள்ள அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள்ள, காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம். அப்பவும் ஏன் எண்டு கேட்டால் "நாட்டு நிலைமை" எண்டுதான் சொன்னவை.