செழியன் பத்திரப்படுத்திய பிரதி

இன்று ஜூன் 6. முன்னாள் எம்.பி. இரா. செழியன் மறைந்த நாள். காலையிலிருந்து என் டைம்லைனில் அவர் படம் ஒன்றுகூட வரவில்லை. "நெடுஞ்செழியனோட தம்பி" என்று சொன்னால்தான் பலருக்கும் ஆளே பிடிபடுகிறது. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

1923இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர். 1962இல் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குப் போனார். திமுகவுக்கு அப்போது டெல்லியில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் எம்.பி.க்கள். 1967, 1971 இரண்டு முறையும் கும்பகோணம். பின்னாளில் கட்சி மாறினார், ஜனதா பக்கம் போனார், 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். அந்தக் கட்சிக் கதைக்குள் நான் போகவில்லை.

எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிவது வேறு காரணத்துக்காக. நான் முப்பது வருஷம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். தணிக்கையில் கேள்வி கேட்டு ஒரு ஆடிட் பாரா வந்தால் அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். செழியன் 1971 முதல் 1973 வரை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. தணிக்கை அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டு, செயலாளர்களை எதிரே உட்கார வைத்து, பணம் எங்கே போனது என்று கேட்கிற வேலை. நாடாளுமன்றத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எம்.பி.க்கள் தங்கள் தொகுதி வேலைகளுக்கு ஒதுக்கச் சொல்கிற தொகுதி மேம்பாட்டு நிதியை அவர் கடைசிவரை எதிர்த்ததும் அந்தப் பார்வையில்தான். அரசு செய்கிற செலவைத் தட்டிக் கேட்க வேண்டியவரே செலவு செய்யப் போனால், அப்புறம் கணக்குக் கேட்பது யார்? 2010இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் எங்கள் தெரு முனையில் இருக்கிற பேருந்து நிழற்குடையைக் கடக்கும்போதெல்லாம் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். கூரைத் தகரம் துருப்பிடித்துவிட்டது, சிமெண்ட் பெஞ்சில் பாதி உடைந்து கிடக்கிறது. எம்.பி. பெயர் எழுதிய பலகையில் மட்டும் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் மக்களவை உறுப்பினர். எதிர்த்துப் பேசினார். செய்தித் தணிக்கை இருந்ததால் எதிர்க்கட்சிக்காரர்கள் சபையில் பேசியதைக்கூடப் பத்திரிகைகள் போட முடியாத காலம் அது. பிறகு 1977இல், அப்போது நடந்த அத்துமீறல்களை விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை வந்தது. பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியது, துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தது, கட்டாயக் கருத்தடை என்று எல்லாம் அதில் இருக்கிறது. விசாரணையில்லாமல் சிறையில் வைக்கிற மிசா சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் அடைக்கப்பட்டவர்கள் 1,10,806 பேர் என்ற கணக்கும் இருக்கிறது.

1980இல் ஆட்சி மாறி, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியே திரும்ப வந்தார். அறிக்கையின் பிரதிகள் கண்ணில் படாமலே போயின. செழியனிடம் ஒரு பிரதி இருந்தது. தேவையில்லாத காகிதம் என்று பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருந்தார். அதைத் தொகுத்து 2010இல் புத்தகமாக மறுபடி வெளியிட்டார். அப்போது அவருக்கு 87 வயது! பதவி இல்லை, பின்னால் கட்சியும் இல்லை. அந்த வயதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மனிதர் பழைய அரசாங்க அறிக்கையைப் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பதை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவருக்குச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த மாதம் 25ஆம் தேதி வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் நெருக்கடி நிலையைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் அந்த அறிக்கையில் ஒரு அத்தியாயமாவது படித்துவிட்டுப் பேசட்டும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கித் தருவதாக நூலகரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய புத்தகக் கடைகளில் எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து கமென்டில் சொல்லுங்கள்.