பாலத்துக்குப் பணம் இருக்கிறது, பஸ்ஸுக்கு?

நேற்று சாயங்காலம் சைதாப்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு கார், ஓர் இளநீர் வண்டி. வந்த பஸ்ஸுக்கு ஓரங்கட்ட இடமில்லை, நடுரோட்டிலேயே நின்றது. கூடையோடு ஓர் அம்மா, பைக்குகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே ஓடிப்போய் ஏறினார். அவர் ஏறி முடிக்கும்வரை பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன்.

இதே அண்ணா சாலையில்தான் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலை. அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பு 621 கோடி ரூபாய். அடியில் மெட்ரோ சுரங்கம் ஓடும் இடத்தில் தூண் நிறுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை, கட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எதற்கு முதலில் பணம் என்பதில்தான் என் சண்டை.

ஒரு பஸ் ஒரு கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு அறுநூறு பஸ். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பதே மூவாயிரத்துச் சொச்சம். சரி, வாங்கிவிட்டால் போதுமா, டிரைவர் கண்டக்டர் சம்பளம், டீசலுக்கெல்லாம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். பாலத்துக்கு ஒரு தடவை கடன் வாங்கினால் வேலை முடிந்தது, கல்வெட்டும் கிடைக்கும். பஸ்ஸுக்கு மாசாமாசம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அதற்கு நஷ்டம் என்று பெயர் வைப்பார்கள். எந்தப் பாலம் இதுவரை லாபம் காட்டியது? மனசு வைத்தால் முடியும் என்பதற்கு, 2021இல் பெண்களுக்குக் கொண்டுவந்த கட்டணமில்லாப் பயணமே சாட்சி.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி. வேண்டாம் என்றால் போரூர்க்காரர்கள் அடிக்க வருவார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எதில் போவது? கிளாம்பாக்கத்தில் பார்த்தோமே. 2023 டிசம்பர் கடைசியில் பிரம்மாண்டமாகப் பேருந்து முனையம் திறந்தார்கள். கூப்பிடு தூரத்தில் தண்டவாளம் இருந்தும் ரயில் நிற்க அப்போது ஸ்டேஷன் இல்லை. ஆட்டோக்காரர் சொன்னதுதான் ரேட்டு.

நானும் பைக் வைத்திருக்கிறேன். உயர்மட்டச் சாலை திறந்தால் அதில்தான் போவேன், பொய் சொல்லக் கூடாது. அந்த 3.2 கி.மீ.க்கு மேலே நிறுத்தம் எதுவும் இருக்காது. கூடைக்கார அம்மா கீழேதான், அதே ஷேர் ஆட்டோவுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்.