ஓடிபி சொல்லு மச்சி

காலை 8.01. கடன் வசூலுக்கு எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது அல்லவா, அதை என்ன பயபக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள் பாருங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகவே பொறுத்திருந்து கூப்பிட்டார்கள். நான் வாயில் பேஸ்ட் நுரையோடு நிற்கிறேன்.

"சார், மொபைல் லோன் ரெண்டு மாச இஎம்ஐ நிக்குது சார். இன்னிக்குக் கட்டிடறீங்களா?"

எந்த மொபைல்? நான் இப்போது காதில் வைத்திருப்பது நாலு வருடப் பழசு. சார்ஜ் ஏற வேண்டுமென்றால் ஒயரை ஒரு பக்கமாக மடக்கி மேலே சோப்பு டப்பாவை வைத்தாக வேண்டும். இஎம்ஐ நிற்கிற அந்த 36,000 ரூபாய் போன் கொடைக்கானலில் இருக்கிறது. நேற்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்தேன். ஏரி, பனி, படகு, படகில் என் நண்பர் துரை. படம் அவ்வளவு தெளிவு. கேமரா நல்ல கேமராதான், நான்தானே வாங்கினேன்.

"தம்பி, அது ஃப்ரெண்டுக்காக எடுத்தது" என்றேன்.

"அவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார். சிஸ்டத்துல உங்க பேருதான் இருக்கு."

குரலில் கோபமே இல்லை. சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தப் போனை வாங்கிய கடையில் கழிந்த முக்கால் மணி நேரத்தை இன்று காலையிலிருந்து நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். "மச்சி, என் சிபில் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, உன் பேர்ல போட்டுக்கலாமா? சம்பளம் வந்ததும் கரெக்டா அனுப்பிடறேன்." நல்லா கவனிங்க, அவனே சொல்கிறான். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை மார்க் போடுகிற ஒரு கம்ப்யூட்டர் இவனை உட்கார வைத்துப் பரீட்சித்து, "இவனுக்குக் கொடுக்காதே" என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பை என் காதில் போட்டபிறகுதான் என் ஆதாரைக் கேட்கிறான். நான் என்ன செய்தேன்? பர்ஸை எடுத்தேன்.

முதல் ஓடிபி வந்தது. "ஓடிபி சொல்லு மச்சி." சொன்னேன். அது எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க. இருந்ததாம், கடைக்காரர் கையே குலுக்கினார். இரண்டாவது ஆதாருக்கு. மூன்றாவது கடன் ஒப்பந்தத்துக்கு. பதினேழோ பதினெட்டோ பக்கம், கடைப் பையன் விரலால் சர்ரென்று தள்ளிக் கடைசியில் ஒரு டிக் போட்டான். நான்காவது என் கணக்கிலிருந்து மாதாமாதம் 3,000 ரூபாய் தானாகக் கழித்துக்கொள்ள. ஒவ்வொரு மெசேஜிலும் "இதை யாரிடமும் பகிர வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. நான்கு தடவை கையைப் பிடித்துத் தடுத்தார்கள். நான்கு தடவையும் ஏலம் விடுகிறவன் மாதிரி சத்தமாகப் படித்தேன். நடுவில் ஒரு எண் தப்பாகி மறுபடி வேறு அனுப்பச் சொன்னேன். தெய்வமே கொடுத்த இடைவேளை அது. அப்போதாவது பாத்ரூம் போகிறேன் என்று கிளம்பியிருக்கலாம். கடையில் கொடுத்த பாதாம் பாலைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காலத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட பெரியப்பாக்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அவர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. பத்திரத்தில் கடன் வாங்கியவன் என்று இன்னொருத்தன் பெயராவது இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் எழுத்திலேயே இருந்தான். நான் ஜாமீன்தாரர்கூட இல்லை. கடன்காரனே நான்தான். துரை பெயர் எந்த மூலையிலும் கிடையாது.

சரி, கட்டாதது எனக்கு ஏன் இரண்டு மாதமாகத் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பழைய சம்பளக் கணக்கு ஒன்று சும்மா கிடந்தது, அதைக் கொடுத்திருந்தேன். துரை 2ஆம் தேதி அதில் பணம் போடுவார், 5ஆம் தேதி கழிந்துவிடும். என்ன ஒரு திட்டம்! நாலு மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் பவுன்ஸ். வங்கி 500 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு 590. இரண்டு மாதத்துக்கு 2,360 ரூபாய், இல்லாத பணத்தை எடுக்க முயன்றதற்கான கூலி. முன்பு சிபிலுக்கு மாதம் ஒரு தடவைதான் கணக்குப் போகும். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். துரையின் சோம்பேறித்தனம் சுடச்சுட என் கணக்கில் ஏறுகிறது. 781இல் இருந்தேன். இன்று 694. அடுத்த மாதம் வீட்டுக் கடனுக்குப் போகலாம் என்றிருந்தோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. வயிற்றெரிச்சலில் அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்துக்குள் போய் என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒருவருக்கு ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாமாம். என்னிடம் இருப்பது ஒன்று. அங்கே மூன்று காட்டுகிறது! அன்றைக்குப் போனோடு ஒரு போஸ்ட்பெய்டும் எடுத்தான், அது தெரியும். கண்ணை இரண்டு தடவை சிமிட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். மூன்றாவது? கேட்டேன்.

"அது என் மச்சானுக்கு மச்சி. ஃபேமிலி பிளான்ல ஒண்ணு ஃப்ரீயா வந்துச்சு."

யாருடைய ஃபேமிலி? அந்த மச்சானை நான் பார்த்ததுகூட இல்லை. நாளைக்கு அவன் அந்த எண்ணிலிருந்து எவனையாவது ஏமாற்றினால் போலீஸ் முதலில் தட்டப் போவது என் வீட்டுக் கதவை. "இது என் எண் இல்லை" என்று அந்தத் தளத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. விரலைக் கொண்டுபோனேன். கொடைக்கானல் மலையில் பிள்ளைகளோடு இருக்கிறான், நெட்வொர்க் இல்லாமல் தவிப்பானே என்று எடுத்துவிட்டேன். செருப்பால் அடிக்க வேண்டும், என்னை.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து மெசேஜ். அப்பாடா, 6,000 ரூபாய் அனுப்பிவிட்டான் போல என்று திறந்தேன்.

"மச்சி, போன் படகுல விழுந்து டிஸ்ப்ளே போச்சு. வாரண்டி கேக்கறாங்க. பில் உன் பேர்லதானே இருக்கு, கொஞ்சம் அனுப்பேன்."

சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது. சோப்பு டப்பா நழுவிச் சார்ஜும் நின்றுவிட்டது. பில்லை அனுப்பினாயா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

கீழ் வீட்டுக்காரர் மறுபடி மோட்டரைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். அரை மணி நேரமாகத் தொட்டி வழிகிறது. இருங்கள், அணைத்துவிட்டு வருகிறேன்.