லேமினேட் போட்ட ருக்மணி தேவியை நான் என்ன செய்வது?

பழைய சினிமா நட்சத்திரங்களின் போட்டோ தபாலட்டைக்கு நகல் எடுத்தால், அதை நகல் என்று சொல்லி விற்க இந்த ஊரில் ஏன் ஒருவருக்கும் வாய் வரமாட்டேன் என்கிறது?

கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே போன கிழமை ஒருவர் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரின் தபாலட்டை ஒன்றை நீட்டினார். "ஹரிதாஸ் வந்த காலத்து அசல் தம்பி, வேற எங்கயும் கிடைக்காது." பாகவதரின் ஹரிதாஸ் படம் வந்தது 1944இல். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள்! 1944இல் எந்த ஸ்டூடியோவில் இங்க்ஜெட் பிரிண்டர் இருந்ததாம்? போதாததற்குக் கீழ்மூலையில் ஏதோ இணையத்தளத்தின் பெயர் அரைகுறையாக அழிந்து கிடக்கிறது. காட்டிக் கேட்டால், "அது போட்டோ எடுத்த ஆள்ட பேரு" என்கிறார். டொட் கொம் என்று முடிகிற பெயர்! விலை ஐயாயிரம்.

அசல் போட்டோ அட்டை மையில் அச்சடித்ததல்ல ஐயா. வெள்ளி உப்புப் பூசிய தாளில் நெகட்டிவ் வழியாக ஒளி பாய்ச்சி, மருந்தில் கழுவி எடுத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இப்படி வண்ணப் புள்ளி தெரியாது. வயதான அட்டை என்றால், சற்றுச் சாய்த்துப் பிடிக்கும்போது கரிய இடங்களின் ஓரத்தில் நீலச் சாயலோடு வெள்ளி மினுங்கும். தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கினால் அந்த மினுக்கம் வராது.

சரி, அசலே கிடைத்தது என்று வையுங்கள். அப்போதும் நிம்மதி உண்டா? டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்று பிறந்து, 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தில் நாயகியாக நடித்த ருக்மணி தேவியின் அட்டை அது. அருமையான அசல். அதைச் சூடுகாட்டி லேமினேட் அடித்து வைத்திருக்கிறார்கள்! ஓரம் பொருந்தவில்லையாம், அதனால் நாலு பக்கமும் கத்தரித்தும் விட்டார்கள். "ஈரம் பிடிக்காம இருக்கத்தான் தம்பி" என்று பெருமை வேறு. கொழும்பு ஈரம் எனக்குத் தெரியாதா? ஒரு பொலியெஸ்டர் உறைக்குள் போட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் படமும் சேர்ந்து உரிந்து வரும்.

ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியவர்கள் இன்னொரு ரகம். அட்டையின் பாதிச் சங்கதி பின்பக்கத்தில்தான் இருக்கிறது: முத்திரை ஒட்டும் கட்டம், கொடாக், அக்பா போன்ற தாள் கம்பனிப் பெயர், யாரோ யாருக்கோ எழுதிய இரண்டு வரி. காலத்தைக் கணிக்க அதுதான் பிடி. அதைக் கறுப்புத் தாளோடு பிய்த்தெடுத்துவிட்டு, "முகம் வடிவா இருக்குத்தானே" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

நகல் என்று எழுதி நூறு ரூபாய்க்குப் போடுங்கள், நானே வாங்கிச் சுவரில் மாட்டுவேன். அசல் என்று ஐயாயிரம் கேட்டால் பூதக்கண்ணாடியோடுதான் வருவேன். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் கையிலும் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு கோபித்துப் பிரயோசனமில்லை.