கன்னம் ஒட்டுவது நோய் முற்றியதன் அடையாளம் அல்ல

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போவது நோய் முற்றியதற்கு அடையாளம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்திருப்பது எனக்கு வேதனை அளிக்கிறது. 2004-இல் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய காலத்தில் பலருக்கும் தரப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்தும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஜிடோவுடின் என்ற மருந்தும், வைரஸைத் தடுக்கும்போதே, கொழுப்புச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா தன் மரபணுவைப் படியெடுக்க உதவும் நொதியையும் தடுத்துவிடுவதால், அச்செல்கள் சிறுகச் சிறுக அழிந்து, கன்னம், நெற்றிப்பொட்டு, கை, கால், பிட்டம் ஆகிய இடங்களில் தோலடிக் கொழுப்பு கரைகிறது. சிகிச்சை தொடங்கும்போது சிடி4 (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது கூடுதலாக நேர்கிறது.

குடியாத்தத்தில் தறி நெய்த என் சித்தப்பாவும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்தான். அவர் நல்ல பசியோடு சாப்பிட்டார், எடையும் குறையவில்லை. ஆனால் அவர் வெற்றிலை மெல்லும்போது கன்னத்தில் தசை அசைவது வெளியே தெரியும், முன்கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருக்கும். முகத்தைப் பார்த்தே நோயை ஊரார் கண்டுகொள்வார்கள் என்று அஞ்சி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூட அவர் வெளியே வரவில்லை. ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்தவும் துணிந்தார். உயிருக்கு ஆபத்து அதில்தான் இருந்தது.

2009-இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இப்போது தரப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் கூட்டில் இந்தக் கேடு அரிது. மருந்தை மாற்றினாலும் கரைந்த கொழுப்பு மெதுவாகத்தான், அதுவும் ஓரளவே, திரும்புகிறது. கன்னம் ஒட்டியிருப்பவர் பல ஆண்டுகளாக மருந்தை ஒழுங்காக உட்கொண்டு நலமாக இருப்பவராகவும் இருக்கலாம் என்பதைக் கட்டுரையில் சேர்க்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.