பெயரிலேயே தமிழ் இருக்கிறது

தட்டை மீன்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் எருமைநாக்கு மீனின் அறிவியல் பெயர் 'செட்டோடஸ் எருமெய்' என்று சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். அந்த 'எருமெய்' நம்முடைய எருமைதான்! தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மீனுக்கு, இங்கே மீனவர்கள் சொன்ன பெயரையே வைத்து 1801-இல் பிளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர்களின் நூலில் பதிந்தார்கள். இருநூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க அதே பெயர்தான். எனக்கு இது பெரிய சந்தோஷம்.

இன்னொன்று, தட்டை மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் என்று நீங்கள் எழுதியது சரி. ஆனால் இந்த எருமைநாக்கில் இடம் மாறிய கண் முழுசாக மேலே வராமல் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடும். இந்த ஒரே இனத்திலேயே சில மீனுக்கு வலப்பக்கம் கண், சிலதுக்கு இடப்பக்கம். முதுகுத் துடுப்பும் தலை வரை ஓடாது, கொஞ்சம் பின்னால்தான் தொடங்கும். அதனால்தான் தட்டை மீன்களிலேயே பழைய வகை என்கிறார்கள்.

போன மாதம் சந்தையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் சேற்றுப் பழுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. வாயைத் திறந்தால் ஊசி ஊசியாகப் பல். மணலில் படுத்துக் கிடக்கும் மீன் என்று அசட்டையாக விரல் விடாதீர்கள். அடுத்த கட்டுரையில் அந்தப் பெயர்க் கதையையும் அவசியம் சேருங்கள்.