சிட்ரோயன் டிஎஸ்: அழகுக்குள் மறைந்துபோன பொறியியல்

பழைய பிரெஞ்சுக் கார்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் சிட்ரோயன் டிஎஸ் காரின் படத்தைப் பகிர்கிறார். அதன் அழகை எல்லோரும் வியந்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வியப்பில் தவறில்லை. இத்தாலியச் சிற்பி ஃபிளமினியோ பெர்தோனி வடிவமைத்த அந்தக் கார் 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானபோது, முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். ஆனாலும் பெர்தோனியை நினைவில் வைத்திருக்கும் நாம், பொறியியல் பட்டம் எதுவும் இல்லாமலேயே அந்தக் காரின் ஹைட்ராலிக் அமைப்பை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பை, உருவாக்கிய போல் மாஜெஸை ஏறக்குறைய மறந்துவிட்டோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. முழுப் பாரத்தையும் தாங்கும்படி எஃகு ஸ்பிரிங்கை வலுவாக அமைத்தால், ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது வண்டி தூக்கிப் போடும். இளக்கமாக அமைத்தால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியவுடன் பின்புறம் தாழ்ந்துவிடும். மாஜெஸ் ஸ்பிரிங்கையே நீக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகுக் கோளத்தைக் கொடுத்தார். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு; சவ்வின் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் அந்த வாயுவை அழுத்த, வாயு அதிர்வை வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் போய்வரும் வழியிலுள்ள வால்வுகள் ஆட்டத்தை அடக்கிவிடுவதால் தனியாக ஷாக் அப்சார்பரும் தேவைப்படவில்லை. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், உயரத்தைச் சரிசெய்யும் வால்வு திறந்து மேலும் எண்ணெயை அனுப்பி, வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவருகிறது.

இதோடு நின்றிருந்தால்கூட அது பெரிய சாதனைதான். ஆனால் இன்ஜினால் இயங்கும் ஒரே பம்ப் தரும் அழுத்தத்தைக் கொண்டே ஸ்டியரிங்கை இலகுவாக்கி, பிரேக்கை இயக்கி, கிளட்ச் மிதியே இல்லாமல் கியரையும் மாற்றும்படி செய்தார்கள். இவற்றில் என்னை மிகவும் கவர்வது பிரேக்தான். பின்சீட்டில் ஆட்கள் ஏறினால், வண்டியைத் தாங்கி அதிர்வை வாங்கும் சஸ்பென்ஷனின் பின்பக்கத்தில் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தையே அளவாகக் கொண்டு, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரேக் விசை எவ்வளவு போக வேண்டும் என்பது தானாகவே தீர்மானமாகிறது. மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல் 1955-இல் இதைச் செய்திருக்கிறார்கள். டயரை மாற்றவும் ஜாக்கியைச் சுழற்ற வேண்டியதில்லை: நெம்புகோலால் வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, பக்கவாட்டில் ஒரு தாங்கியைப் பொருத்திவிட்டு, மீண்டும் தாழ்த்தினால் சக்கரம் தானே தரையைவிட்டு மேலெழும்.

1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை அடுத்த பெத்தி கிளாமாரில் பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில், டயர்கள் கிழிந்த நிலையிலும் அவருடைய டிஎஸ் வேகமாகத் தப்பிச் சென்றதை இந்தக் காரை விரும்புபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்கான பெருமை முழுவதையும் சஸ்பென்ஷனுக்கே கொடுப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். ஓட்டுநரின் திறமை ஒருபுறம் இருக்க, டிஎஸ் காரில் முன்சக்கரம் திரும்பும் அச்சு சக்கரத்தின் நடுக்கோட்டிலேயே அமைந்திருந்தது. அதனால் முன் டயர் வெடித்தாலும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக வெட்டி இழுப்பதில்லை. தலைமைப் பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ரின் கணக்கு அது. அவருக்கும் போதிய பாராட்டு கிடைக்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. இன்ஜின் 1934-இல் வந்த சிட்ரோயனின் ட்ராக்சியோன் அவான் காரின் வழிவந்த பழையது. 75 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. தொடக்கத்தில் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உள் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்தது. அதற்குப் பதிலாகப் பச்சை நிறக் கனிம எண்ணெய் வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றைக் காட்டி, தேவையற்ற சிக்கல்களை இழுத்துப்போட்டுக்கொண்ட கார் என்று டிஎஸ்ஸை ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. டிஎஸ்ஸின் விலை குறைந்த வடிவமான ஐடி மாடலை 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பவர் ஸ்டியரிங்கையும் தானியங்கிக் கிளட்சையும் எடுத்துவிட்ட சிட்ரோயன், சஸ்பென்ஷனில் மட்டும் கை வைக்கவில்லை. எது இன்றியமையாதது என்பதை நன்றாக அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமும் 1965-இல் வந்த தன் சில்வர் ஷேடோ காருக்குச் சிட்ரோயனின் ஹைட்ராலிக் நுட்பத்தை உரிமம் பெற்றே பயன்படுத்தியது.

ஒரு காரின் பொறியியலை அளக்க வேகமும் குதிரைத்திறனும் மட்டுமே அளவுகோல் என்ற பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. மோசமான சாலையில் மணிக்கணக்காக அமர்ந்து வருபவரின் முதுகுக்கு வலி தராமல் இருப்பதும் அதே அளவு கடினமான பொறியியல்தான். டிஎஸ் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. மாஜெஸின் கோளங்கள் பின்னாளில் சிட்ரோயனின் பல மாடல்களில் தொடர்ந்து, 2017-இல் சி5 காரோடு முடிந்துவிட்டன. இன்று விலையுயர்ந்த கார்கள்கூடப் பெரிய சக்கரமும் மெல்லிய டயருமாக வந்து, சாலையின் ஒவ்வொரு வெடிப்பையும் நேராக இருக்கைக்கு அனுப்புகின்றன. அதை நாமும் நவீனம் என்று ஏற்றுக்கொண்டு கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்.